மாற்று ஆட்டக்காரரின் ஊர்கள்: கான்சாஸ் பயணக் குறிப்புகள்

மார்ச் 18, கான்சாஸ் சிட்டி

டீன் ஸ்மித் என்ற பெயரை, மைக்கேல் ஜோர்டானின் கல்லூரிப் பயிற்சியாளர் என்று சேர்த்துச் சொன்னால்தான் நம்மவர்களில் பலருக்கு அடையாளம் தெரியும். வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு 1961 முதல் 1997 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்து 879 ஆட்டங்களில் வென்றவர் அவர். பிறந்ததும் வளர்ந்ததும் வட கரோலினாவில் அன்று. அமெரிக்காவின் நடுவே, கோதுமை வயல்களும் புல்வெளிகளும் நிறைந்த கான்சாஸ் மாநிலத்தில்தான் அவர் பிறந்து, படித்து, கல்லூரி அணியில் ஆடினார். அந்த அணியில் அவர் நட்சத்திரம் அல்லர். பெரும்பாலான நேரம் பெஞ்சில் அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர் எவ்வாறு அத்தனை பெரிய பயிற்சியாளர் ஆனார் என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அக்கா குடும்பம் கான்சாஸ் சிட்டியின் புறநகருக்குக் குடிவந்த பிறகு, அந்த ஊர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அக்கா மகன் பள்ளி அணியில் இருக்கிறான். இந்தப் பருவத்தில் அவனுக்குக் களத்தில் இறங்க வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை. வசந்த விடுமுறையில் வீட்டில் சுருண்டு கிடந்தவனை உடன் அழைத்துக்கொண்டேன்.

முதலில் போனது நகர மையத்தில் இருக்கும் முனிசிபல் ஆடிட்டோரியம். 1930களில் கட்டப்பட்ட, சுண்ணாம்புக் கல் முகப்பும் வட்டப் புடைப்புச் சிற்பங்களும் கொண்ட பெரிய கட்டடம். கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிச் சுற்று வேறெந்த அரங்கையும்விட அதிகமாக, ஒன்பது முறை, இங்கேதான் நடந்திருக்கிறது. இன்று நிகழ்ச்சி ஏதும் இல்லாததால் கதவுகள் பூட்டியிருந்தன. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களைக் கண்டு ஒரு காவலர் பக்கக் கதவைத் திறந்து வந்தார். விவரம் சொன்னதும், உள்ளே விட அனுமதியில்லை என்று வருத்தத்துடன் சொல்லிவிட்டு, கூடத்தின் விளக்குகள் தெரியும்படி அந்தக் கதவையே இரண்டு நிமிடம் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மரியாதைக்காகவே அவரை நினைவில் வைத்திருப்பேன்.

இந்த அரங்கில் ஸ்மித்தின் வாழ்க்கை இரண்டு முறை திரும்பியிருக்கிறது. 1953 மார்ச்சில், அவருடைய கடைசிக் கல்லூரி ஆண்டில், கான்சாஸ் அணி இந்தியானாவிடம் 69–68 என ஒரே புள்ளியில் இறுதி ஆட்டத்தை இழந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இதே இடத்தில் வில்ட் சேம்பர்லின் ஆடிய கான்சாஸும் ஃபிராங்க் மெக்குயர் பயிற்சி கொடுத்த வட கரோலினாவும் மோதின. மூன்று முறை கூடுதல் நேரம் கொடுத்தும் இழுத்துக்கொண்டே போன அந்த ஆட்டத்தில் வட கரோலினா 54–53 என வென்றது. அப்போது விமானப்படை அகாதெமியில் துணைப் பயிற்சியாளராக இருந்த ஸ்மித், தம் தலைமைப் பயிற்சியாளர் பாப் ஸ்பியருடன் வந்து, ஸ்பியரின் நண்பரான மெக்குயருடன் ஒரே அறைத் தொகுதியில் தங்கியிருந்தார். தாம் படித்த கல்லூரியான கான்சாஸையே ஆதரிக்கப் போவதாக மெக்குயரிடம் நேராகவே சொல்லிவிட்டார். அந்த நேர்மையில் மெக்குயருக்கு மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை. 1958இல் அவரைத் தமக்குத் துணைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். மூன்று ஆண்டுகளில், விதிமீறல் குற்றச்சாட்டுகளின் நடுவே மெக்குயர் விலகியபோது, முப்பது வயது ஸ்மித்திடம் அணி ஒப்படைக்கப்பட்டது.

இரவு உணவுக்கு இந்நகரின் பெயர்பெற்ற பார்பெக்யூ. மாட்டின் நெஞ்சுக் கறியைப் பல மணி நேரம் புகையில் வேகவைத்து, கருகிய ஓரங்களைத் தனியே வெட்டி எடுத்து, தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த இனிப்புச் சாற்றில் புரட்டித் தருகிறார்கள். தட்டு ஒன்று 19 டாலர். வரியும் டிப்ஸும் சேர்ந்து 24க்கு மேல் வந்தது. கடையில் இருந்த எல்லாத் தொலைக்காட்சிகளிலும் கல்லூரிக் கூடைப்பந்துதான். மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வேறு பேச்சே கிடையாது என்பதை நேரில் கண்டேன்.

மார்ச் 19, லாரன்ஸ்

மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் போனால் லாரன்ஸ். கான்சாஸ் பல்கலைக்கழகம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. இந்தச் சமவெளியில் அப்படியொரு மேடே அபூர்வம். காலையில் வெயில் நன்றாக அடித்தாலும், காரை விட்டு இறங்கியதும் தெற்கிலிருந்து வந்த காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போயிற்று. எதிரே வந்த மாணவி ஒருத்தி ஓடிப்போய் அதை எடுத்துத் தந்து, கான்சாஸுக்கு நல்வரவு என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

இங்கே சாலைக்கு நெய்ஸ்மித் பெயர், ஆடுகளத்துக்கும் நெய்ஸ்மித் பெயர். 1891இல் மாசசூசெட்ஸில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1898இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்து, 1939இல் இறக்கும்வரை லாரன்ஸிலேயே வாழ்ந்தார். அவர் தட்டச்சு செய்வித்த 13 விதிகளின் மூலத்தாள் இப்போது அரங்கை ஒட்டிய டிப்ரூஸ் மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால், மங்கிய வெளிச்சத்தில் இருக்கிறது. இதே பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் 2010இல் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பழுப்பேறிய இரண்டு தாள்கள், அவ்வளவுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்ற மூன்றாம் விதியை அக்கா மகன் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து வாசித்தான். அனுமதிக் கட்டணம் கிடையாது.

பக்கத்தில் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ், 1955இல் திறந்தது, 15,000 பேருக்கு மேல் அமரலாம். ஆட்டமில்லாத நாள்களில் யாரும் உள்ளே போகலாம். தனிமனித இருக்கைகளுக்குப் பதிலாக இன்றும் பெரும்பாலும் நீண்ட பலகை வரிசைகளே இருக்கின்றன. கூரைக்குக் கீழே உள்ள உயரமான சன்னல்கள் வழியாக வெயில் மரத்தரையில் நீளமாக விழுகிறது. அரங்குக்குப் பெயர் தந்த ஃபாரஸ்ட் ஆலனை, ‘ஃபாக்’ ஆலன் என்றே எல்லோரும் அழைத்தார்கள். அவர் நெய்ஸ்மித்தின் கீழ் ஆடியவர். ஆலனைப் பயிற்சியாளராக வரச்சொல்லிப் பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தபோது, கூடைப்பந்து ஆடுவதற்கு உரியது, பயிற்சி கொடுப்பதற்கு உரியதன்று என்று சொல்லி நெய்ஸ்மித் சிரித்தாராம். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் கணக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. மாணவரோ இங்கு மட்டும் 590 ஆட்டங்களில் வென்றார். ஆடிய மாணவன் பயிற்சியாளனாக வளரும் வழக்கம் இந்த இடத்தில்தான் வேர் பிடித்தது என்று நான் நம்புகிறேன்.

ஆலனின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் அடால்ஃப் ரப் 1920களின் தொடக்கத்தில் ஆடியவர், பிறகு கென்டக்கியின் பயிற்சியாளராக 876 ஆட்டங்களில் வென்றார். அந்த எண்ணிக்கையை 1997இல் முறியடித்தவர் அதே பெஞ்சிலிருந்து எழுந்துவந்த இன்னொருவர், டீன் ஸ்மித். கல்லூரிக் கூடைப்பந்தில் அடுத்தடுத்து முதலிடத்தில் இருந்த இருவரும் ஒரே ஆசானிடம் மாற்று ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள். இதைச் சொன்னபோது அக்கா மகன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, “அப்போ அவங்க மேட்ச்ல என்ன மாமா பண்ணுவாங்க?” என்று கேட்டான். பலகை வரிசையில் உட்கார்ந்து அவனுக்கு விரிவாகச் சொன்னேன்.

1952இல் கான்சாஸ் அணி சியாட்டிலில் செயின்ட் ஜான்ஸை 80–63 என வென்று தேசியப் பட்டம் பெற்றது. 33 புள்ளிகள் எடுத்த கிளைட் லவ்லெட் உட்பட ஏழு பேர் ஆலனோடு ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸுக்குப் போனார்கள். அந்த எழுவரில் ஸ்மித் இல்லை. அவர் கணிதம் படித்தவர். படிப்புக்கான உதவித்தொகையில் சேர்ந்தவர். அவ்வாண்டு துணைப் பயிற்சியாளர் டிக் ஹார்ப் கொண்டுவந்த நெருக்கித் தடுக்கும் முறையை அவர் பக்கவாட்டிலிருந்து ஊன்றிக் கவனித்தார்; பின்னாளில் தம் அணிகளுக்குக் கற்றுக்கொடுத்த தற்காப்பின் அடிப்படை அதுவே. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், பந்து நம் கைக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளிகள் கிடைக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தவர் அவர். இன்று எல்லா அணிகளும் போடும் கணக்கு இதுதான்.

களத்தில் இருப்பவன் பந்தைப் பார்க்கிறான். பெஞ்சில் இருப்பவன் பத்துப் பேரையும் பார்க்கிறான். ஸ்மித் வட கரோலினாவில் ஏற்படுத்திய வழக்கங்கள் பலவும், வெளியே உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் தோன்றியிருக்கும் என்பது என் துணிபு. பந்தைப் போட்டவன், பாஸ் கொடுத்தவனை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். களைத்துப் போனவன் கைமுஷ்டியை உயர்த்திக் காட்டினால் வெளியே வரலாம். அப்படி உண்மையைச் சொல்லி வந்தவன், மூச்சு தெளிந்ததும் தானே திரும்ப இறங்கலாம். முதல் வரிசையினர் ஓய்வெடுக்கும்போது ‘நீல அணி’ என்ற பெயரில் கடைநிலை மாற்று ஆட்டக்காரர்கள் ஐவரையும் மொத்தமாக இறக்கிவிடுவார். இறுதியாண்டு மாணவர்களின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், பருவம் முழுவதும் களமே காணாதவனும் தொடக்க ஐவரில் நிற்பான். தோற்றுவிடுவோமோ என்ற அச்சம் மிகுந்த ஒரு தொழிலில் இவற்றை 36 ஆண்டுகள் விடாமல் செய்வது எளிய காரியமன்று.

பிற்பகலில் மாசசூசெட்ஸ் வீதியில் ‘பியராக்’ சாப்பிட்டோம்: ரஷ்யாவின் வால்கா ஆற்றங்கரையிலிருந்து குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த, கொத்துக்கறியும் முட்டைக்கோசும் அடைத்துச் சுட்ட பன். ஒன்று 7 டாலர். வெங்காயமும் மிளகும் தூக்கலாக இருந்ததால் நாவுக்கு இதமாக இருந்தது. பிறகு ஊரின் கிழக்கே உள்ள இடுகாட்டில் நெய்ஸ்மித்தின் கல்லறைக்குச் சென்று வந்தோம்.

மார்ச் 20, டொபீகா

இரவு முழுதும் மழை. காலையில் வெப்பம் 4 டிகிரிக்கு இறங்கியிருந்தது. நேற்றுப் போட்ட சட்டையோடு புறப்பட்ட அக்கா மகன் நடுங்கியதால், வழியில் ஒரு பழைய துணிக் கடையில் 8 டாலருக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தேன்.

மாநிலத் தலைநகரான டொபீகாவுக்கு ஸ்மித்தின் குடும்பம் அவர் பள்ளியில் படிக்கும்போது குடிபெயர்ந்தது. டொபீகா உயர்நிலைப் பள்ளி 1931இல் திறந்த கோதிக் பாணிக் கட்டடம். நடுவே கோபுரமும் கூர்வளைவுச் சன்னல்களுமாகத் தேவாலயத்தைப் போல நிற்கிறது. விடுமுறை என்பதால் வெளியிலிருந்தே பார்த்தோம். இந்தப் பள்ளியைப் பற்றி அறிந்த ஒரு செய்திதான் இப்பயணத்தில் என்னை மிகவும் உலுக்கியது. இங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வகுப்பில் படித்தார்கள். ஆனால் கூடைப்பந்துக்கு மட்டும் இரண்டு அணிகள். கறுப்பின மாணவர்கள் ‘ராம்ப்ளர்ஸ்’ என்ற பெயரில் தனியாக ஆடினார்கள். காலையில் பக்கத்து மேசையில் கணக்குப் போட்ட நண்பனோடு மாலையில் சேர்ந்து ஆட முடியாத நிலை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று பள்ளி மாணவராக இருந்த ஸ்மித் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசினார். அவர் படித்து முடித்து வெளியேறிய 1949ஐ ஒட்டியே அணிகள் இணைந்தன.

சற்றுத் தொலைவில் மன்ரோ தொடக்கப் பள்ளி. கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த அந்தச் செங்கல் கட்டடம் இப்போது தேசிய வரலாற்றுப் பூங்கா. அங்கே படித்த லிண்டா பிரவுனின் தந்தை தொடுத்த வழக்கில்தான், இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காக்கிச் சீருடை அணிந்த பூங்கா அலுவலர் ஒருவர், நாங்கள் கூடைப்பந்துக்காக வந்தவர்கள் என்று தெரிந்ததும், ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் என்று பொறுமையாக விடை சொன்னார். பெற்றோருடன் வந்திருந்த ஒரு சிறுமி ‘நமக்கு எந்தப் பள்ளி?’ என்று அம்மாவைக் கேட்டபோது, அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை.

ஸ்மித் வட கரோலினாவுக்குப் போன புதிதில், பல்கலைக்கழகம் இருக்கும் ஊரான சாப்பல் ஹில்லில் வெள்ளையர் மட்டும் அனுமதிக்கப்பட்ட ஓர் உணவகத்துக்கு, தம் தேவாலயப் போதகரோடும் கறுப்பின இறையியல் மாணவர் ஒருவரோடும் சென்று உட்கார்ந்து சாப்பிட்டார். அப்போது அவர் வெறும் துணைப் பயிற்சியாளர், வேலை போயிருக்கக்கூடும். இதை அவர் தாமாக எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. போதகர் வாயிலாகத்தான் பல ஆண்டுகள் கழித்து வெளியே தெரிந்தது. 1966இல் சார்லி ஸ்காட்டைச் சேர்த்ததன் மூலம் அந்தப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவரைக் கொண்டுவந்தவரும் அவரே. மன்ரோ பள்ளியின் தாழ்வாரத்தில் நின்றபோது, அந்தத் துணிவின் தொடக்கம் டொபீகாதான் என்பது எனக்கு நன்றாக விளங்கியது.

மதிய உணவு ஒரு சிறிய டைனரில். மாட்டுக்கறியும் ராஜ்மாவும் சேர்த்த காரமான சில்லி ஒரு கிண்ணம், அதனுடன் உள்ளங்கை அகலத்துக்கு இலவங்கப்பட்டைப் பொடியும் சர்க்கரைப் பாகும் வழியும் சின்னமன் ரோல். இரண்டையும் ஏன் சேர்த்து வைக்கிறார்கள் என்று நான் விழித்ததைக் கண்ட பக்கத்து மேசை மூதாட்டி, தம் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ரோலைச் சுருள் பிரித்து ஒரு துண்டு கிள்ளிச் சில்லியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும் என்று செய்து காட்டினார். கான்சாஸ் பள்ளிகளின் மதிய உணவில் இது வழக்கமாம். தாம் சிறுமியாக இருந்தபோதே இப்படித்தான் என்றார். காரமும் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் அந்தச் சுவை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. இருவருக்கும் சேர்த்து 23 டாலர்.

மார்ச் 21, எம்போரியா

டொபீகாவிலிருந்து தெற்கே செல்லும் டர்ன்பைக் என்னும் சுங்கச் சாலையில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை. கேமரா எண்பலகையைப் படமெடுத்துக் கட்டணச் சீட்டை அஞ்சலில் அனுப்பிவிடுகிறது. அதுவரை சிக்கலில்லை. பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சரானது. வாடகைக் காரின் பெட்டியைத் திறந்தால் மாற்றுச் சக்கரத்துக்குப் பதில் காற்றடிக்கும் சிறு கருவியும் பசைக் குப்பியும்தான் இருந்தன. வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுதான் ஒலித்தது. லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் ஆடியது. அப்போது பிக்கப் வண்டியில் வந்த ஒரு மாட்டுப்பண்ணைக்காரர், நாங்கள் கையசைக்காமலே நிறுத்தி, ஆணியைப் பிடுங்கி, தம் பெட்டியிலிருந்த ரப்பர்த் திரியைத் துளையில் செருகி அடைத்து, காற்றும் நிரப்பிக் கொடுத்தார். பணம் நீட்டியதற்கு, பையை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கே போகிறோம் என்று கேட்டார். எம்போரியா, டீன் ஸ்மித்தின் ஊர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தம் அப்பா ஸ்மித்தின் அப்பாவிடம் படித்தவர் என்றார்.

வழியெல்லாம் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகள் எரிந்துகொண்டிருந்தன. மண்ணுக்கடியில் கல் நிறைந்திருப்பதால் ஏர் படாமல் தப்பிய உயரப் புல்வெளி இது. புதுப்புல் தளிர்ப்பதற்காக ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். சன்னலை ஏற்றிவிட்டும் வண்டிக்குள் புகை மணம் நின்றது. மதியம்வரை எனக்குத் தொண்டை கரகரத்தது.

ஸ்மித் 1931 பிப்ரவரி 28 அன்று எம்போரியாவில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். தந்தை ஆல்ஃப்ரெட் ஸ்மித் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கும் பயிற்சியாளர். கறுப்பின மாணவர் ஒருவரை அணியில் சேர்த்து, எதிர்ப்புக்கு இணங்காமல், 1934இல் மாநிலப் பட்டம் வென்றவர். மகனுக்கு அப்போது மூன்று வயது. ஆகவே தலைமையாசிரியரிடம் பேசப் போன மாணவனுக்கும், உணவகத்துக்குப் போன இளைஞனுக்கும் முன்மாதிரி வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கமர்ஷியல் வீதியில் நடந்தோம். வாரநாள் மதியத்திலும் கடைவீதி அமைதியாக இருந்தது. ஒரு சைக்கிள் கடையும் பழைய திரையரங்கமும் கண்ணைக் கவர்ந்தன. காபி 3 டாலர். கடைக்காரப் பெண், ஆஷ் நிறத் தூசி படிந்திருந்த எங்கள் காரின் கண்ணாடியைத் துடைக்கக் கேட்காமலே ஈரத்துணி கொடுத்தனுப்பினார்.

காபிக் கடையில் அக்கா மகன், ஸ்மித் முதல் ஆண்டிலிருந்தே வென்றாரா என்று கேட்டான். இல்லை. முதல் பருவத்தில் 8 வெற்றி, 9 தோல்வி. 1965 ஜனவரியில் வேக் ஃபாரஸ்டிடம் தோற்றுத் திரும்பிய அணியின் பேருந்து சாப்பல் ஹில்லை அடைந்தபோது, மாணவர்கள் அவருடைய உருவபொம்மையைத் தூக்கிலிட்டிருந்தார்கள். ஆட்டக்காரர் பில்லி கன்னிங்ஹாம் பேருந்திலிருந்து குதித்து அதைப் பிய்த்தெறிந்தார். தேசியப் பட்டம் 1982இல், இருபத்தோராம் பருவத்தில்தான் கைக்கு வந்தது. அதற்கு முன் ஆறு முறை இறுதி நால்வர் சுற்றுவரை போய்த் திரும்பியிருந்தார். அத்தனை ஆண்டுகள் பல்கலைக்கழகம் பொறுத்திருந்தது என்பது இன்றைய நிலையில் நம்ப முடியாதது. இப்போதெல்லாம் இரண்டு பருவம் சரிந்தாலே பயிற்சியாளரை அனுப்பிவிடுகிறார்கள். அதனால் ஆட்டம் எதையோ இழந்துகொண்டிருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

2015 பிப்ரவரியில் ஸ்மித் காலமானார். அடுத்த மாதமே, அவரிடம் ஆடி அணிச் சின்னம் பெற்ற ஏறத்தாழ 180 பேருக்குத் தபாலில் 200 டாலர் காசோலை வந்தது. வெளியே நல்ல விருந்து சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். ஜோர்டானுக்கும் அதே தொகை, ஒரு பருவத்தில் சில நிமிடங்களே ஆடியவனுக்கும் அதே தொகை. இதை அக்கா மகன் முன்பே எங்கோ படித்திருக்கிறான். ஆனால் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. கைபேசியில் தேடி உறுதி செய்துகொண்டான்.

மாலையில் 35ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்பும்போது, இந்தக் கோடையில் அணியின் புதிய மாணவர்களுக்கு உதவப் போவதாகவும், அதற்கு அவனுடைய பயிற்சியாளர் இசைவாரா என்று கேட்கப் போவதாகவும் சொன்னான். அடுத்து நாங்கள் பார்க்க வேண்டியது சாப்பல் ஹில். 1986இல் திறந்த ஸ்மித்தின் பெயர் தாங்கிய அரங்கு அங்கே இருக்கிறது. அக்டோபரில், பயிற்சி சூடுபிடிக்கும் சமயத்தில் போகலாம் என்று பேசியிருக்கிறோம். விமானக் கட்டணம் இன்றைக்கு ஒருவருக்கு 310 டாலர் காட்டுகிறது, குறையும்வரை காத்திருக்கச் சொல்கிறாள் அக்கா.